வரமாட்டா எண்டு எழுதுங்கோ

— ...இல்லைப் பிள்ளை, அவ வரமாட்டா. முந்தநாள் போன் எடுத்தபோதும் இதைத்தானே சொன்னனான். வரமாட்டா எண்டு எழுதிப்போட்டு விடுங்கோ.

— அன்ரி, ஒரு நிமிசம், வைச்சிடாதேங்கோ. நான் சாருஜாவோடை ஒருக்கா...

— சாருஜா இல்லை. தோட்டத்துக்குப் போட்டா.

— முந்தநாள் கோயிலுக்குப் போட்டா எண்டு சொன்னீங்கள்.

— முந்தநாள் கோயில், இண்டைக்குத் தோட்டம். பிள்ளையள் ஒரே இடத்திலை இருக்குங்களே?

— எப்ப வருவா?

— அது... செக்கலாகும், இருட்டித்தான் வருவா.

— அன்ரி, கம்பஸ் பதிவு இண்டையோடை முடியுது. செலக்சன் வந்த மற்றப் பிள்ளையள் எல்லாரும் பதிஞ்சிட்டினம். சாருஜா ஒராள்தான் மிச்சம்.

— நீர் ஆர் பிள்ளை? கம்பஸ் கந்தோரிலை வேலை செய்யிற ஆளோ?

— இல்லை அன்ரி, நானும் இஞ்சை படிக்கிறன். பேர் ஷெரோன். சயன்ஸ், மூண்டாம் வருசம். படிச்சுக்கொண்டே பகுதிநேரமா மாணவர் தூதுவர் வேலை பார்க்கிறன்.

— தூதுவரோ? எந்த நாட்டுக்கு?

— ஐயோ அன்ரி, எங்கடை அப்பாவும் உதைத்தான் கேட்டவர். நாடு ஒண்டுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையள் கம்பஸ் பார்க்க வந்தால் கூட்டிக்கொண்டு திரியிறது, இது லைபிரரி, இது லாப் எண்டு காட்டுறது, புதுசாச் செலக்சன் வந்த ஆக்களுக்குப் போன் எடுக்கிறது. அவ்வளவுதான்.

— சம்பளம் தருவினமோ?

— மணித்தியாலக் கணக்குக்குத் தருவினம். ஒரு நீல ரீசேட்டும் தந்தவை. கழுவக் கழுவச் சாயம் போகுது.

— அப்ப ஆள் பிடிச்சுக் குடுத்தால் கொமிசனும் கிடைக்குமாக்கும்.

— ஒரு சதமும் இல்லை அன்ரி. சாருஜா வந்தாலும் அதே காசு, வராட்டிலும் அதே காசு.

— பேந்தென்ன? வராத ஆளுக்கு ஏன் கரைச்சல்படுறீர்?

— வராததுக்கு என்ன காரணம் எண்டாவது சொல்லுங்கோவன்.

— இவருக்கு மோட்டச்சைக்கிளாலை விழுந்து கால் முறிஞ்சு போச்சு. இது வெங்காயம் கிண்டுற நேரம். அவவும் கம்பசுக்குப் போனால் ஆர் பார்க்கிறது?

— கம்பஸ் இஞ்சை யாழ்ப்பாணத்திலை, திருநெல்வேலியிலைதானே இருக்கு. உங்கடை புத்தூர்ப் பக்கமிருந்து எத்தினை பிள்ளையள் வந்து போகினம். விடிய பஸ் ஏறினால் பின்னேரம் வீட்டை வந்திடலாம்.

— எங்கை வாறது? பிறக்ரிக்கல் இருக்கிற நாளிலை பிந்தும். வந்தும் படுக்கேலாது, றிப்போட் எழுதோணும், அதுவும் முழுக்க இங்கிலீசிலை...

— ...அன்ரிக்கு எல்லாம் வடிவாத் தெரிஞ்சிருக்கு.

— அது... அவ சொன்னவ.

— ஓ.

— சாருஜா! எடியே சாருஜா! ஆட்டுக்குக் குழை போட்டியே?

— அன்ரி?

— ...ம்.

— ஆரோ உங்களைச் சாருஜா எண்டு கூப்பிடினம்.

— அது பக்கத்து வீட்டிலை.

— சாருஜா! போனும் கையுமா அங்கை ஆரோடையடி கதை?

— சிம் கொம்பனிக்காரர் அம்மா! இந்தா வாறன்!

— அன்ரிக்கு அம்மா வேறை இருக்கிறாவோ?

— ...வையுங்கோ அக்கா.

— அக்கா எண்டு சொல்லிப்போட்டீர். இனி வைக்கமாட்டன்.

— அம்மாவின்ரை நம்பரைத்தான் குடுத்தனான். அவ தோட்டத்திலை நிண்டால் நான்தான் எடுப்பன். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே குரல் எண்டு எல்லாரும் சொல்லுறவை.

— குரல் பரவாயில்லை. 'இவருக்கு' எண்டு அப்பாவைச் சொன்ன இடம்தான் திறம்.

— பகிடி பண்ணாதேங்கோ.

— சரி, பண்ணேல்லை. அப்பாவுக்குக் கால் முறிஞ்சது?

— அது உண்மைதான். ஆனால் போன வருசம். இப்ப சைக்கிள் ஓடுறார்.

— அப்ப என்ன, கலியாணமோ?

— சீ!

— வெளிநாடோ?

— இல்லையக்கா. எங்களுக்கு அங்கை ஒருத்தருமில்லை.

— வீட்டிலை விடமாட்டினமோ?

— வீட்டுக்குத் தெரியாது. கிடைக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன்.

— ...கிடைச்சதைக் கிடைக்கேல்லை எண்டு சொன்னனீரோ? ஏன்?

— சொன்னால் சிரிப்பீங்கள்.

— சிரிக்கமாட்டன்.

— இங்கிலீசு.

— ...

— சிரிக்கிறீங்கள்.

— சத்தியமா இல்லை. சொல்லும்.

— ரெண்டு வருசத்துக்கு முதல் பள்ளிக்கூடத்தாலை எங்களைக் கம்பஸ் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தவை. ஒரு லாபிலை சேர் ஒருவர் என்னட்டை என்னவோ கேட்டார். படபடவெண்டு இங்கிலீசு. நான் 'யெஸ்' எண்டன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம்.

— என்ன கேட்டவராம்?

— எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேட்டவராம்.

— ...

— பார்த்தீங்களே? இப்ப சிரிக்கிறீங்கள்.

— கொஞ்சம். மன்னியும். பொறும், இங்கிலீசுக்கு ஒரு பதில் இருக்கு. 'முதலாம் வருட மாணவர்களுக்கு ஆங்கில அறிமுகக் கற்கைநெறி நடத்தப்படும். எனவே மாணவர்கள் எவ்விதப் பதற்றமும்...'

— தாளைப் பார்த்து வாசிக்கிறீங்கள்.

— ...ஓம். தந்த தாள்.

— அதை வாசிச்சால் பதற்றம் போயிடுமோ?

— போகாது. தாளை வைச்சிட்டன். இப்ப கேளும். முதல் அரை வருசம் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பக்கத்திலை இருக்கிறவள் எழுதுறதைப் பார்த்து எழுதுவன். அவளுக்கும் விளங்கேல்லை எண்டது பேந்துதான் தெரிஞ்சது. கெமிஸ்ற்றி ஒண்டு பெயில் விட்டுத் திரும்ப எழுதினனான். ஹொஸ்ரல் பிள்ளையள் வீட்டை நினைச்சு அழுவினம், நான் வீட்டிலை இருந்துகொண்டே கம்பசை நினைச்சு அழுதனான்.

— இப்ப?

— இப்பவும் ஒரு கேள்வி கேக்கிறதெண்டால் முதல் மனசுக்குள்ளை தமிழிலை சொல்லிப் பார்த்துத்தான் கேப்பன். அதுக்கிடையிலை சேர் அடுத்த பாடத்துக்குப் போயிடுவார்.

— உது தாளிலை இல்லையோ?

— உது தாளிலை இருந்தால் ஒருத்தரும் வரமாட்டினம்.

— அப்ப எனக்கு ஏன் சொன்னனீங்கள்?

— நீர் கேட்டனீர்.

— ...அக்கா, நான் வராட்டி அந்த இடம் சும்மா கிடக்காதுதானே? இங்கிலீசு தெரிஞ்ச ஆரும் வருவினம்.

— ...

— அக்கா? லைன் கிடக்கோ?

— கிடக்கு. ஓம்... லிஸ்றிலை அடுத்த ஆளுக்குப் போகும்.

— அப்ப நல்லதுதானே. அவை சந்தோசப்படுவினம்.

— படுவினம்.

— பேந்தென்ன? வரமாட்டா எண்டு எழுதுங்கோ.

— நீர் ஏ.எல். சோதினை எழுதினது இது எத்தினையாவது தரம்?

— மூண்டாவது.

— மூண்டு தரத்துக்கு மேலை விடமாட்டினம், அப்ப இனிச் சோதினை எழுதேலாது.

— தெரியும்.

— தெரிஞ்சுகொண்டுதான் விடுறீரோ? என்ன செய்யப்போறீர்?

— சுன்னாகத்திலை ஒரு பாமசிக்கு ஆள் தேவையாம். கேட்டு வைச்சிருக்கிறன்.

— பாமசியிலை மருந்துப் பெட்டியிலையெல்லாம் என்ன பாசையிலை எழுதியிருக்கு?

— ...அது வாசிக்கிறதுதானே. கதைக்கத் தேவையில்லை.

— லாபிலையும் முக்கால்வாசி வாசிக்கிறதுதான்.

— நீங்கள் கதைச்சே ஆளை மடக்கிப்போடுவீங்கள். அதுதான் உங்களைத் தூதுவர் எண்டு...

— சிம் கொம்பனிக்காரனோடை இவ்வளவு நேரமோடி? கொண்டா போனை! ஹலோ, ஆர் நீர்? எங்களுக்கு ஒரு சிம்மும் வேண்டாம்.

— வணக்கம் அன்ரி. சிம் இல்லை, நான் கம்பசிலை இருந்து ஷெரோன்.

— கம்பசோ? எங்களுக்கென்ன கம்பஸ்? பிள்ளைக்குத்தான் கிடைக்கேல்லையே.

— அன்ரி, அது...

— ஹலோ? கேக்குதோ பிள்ளை?

— கேக்குது அன்ரி. அதைச் சாருஜாவே சொல்லட்டும். பக்கத்திலை நிக்கிறாவோ?

— நிக்கிறாள், பேயறைஞ்ச மாதிரி. என்னடி? என்ன சொல்லப்போறாய்?

— அம்மா... கிடைச்சது.

— என்னது?

— செலக்சன். எனக்குக் கிடைச்சது.

— எப்ப?

— போன மாசம்.

— எடி... எடி சாருஜா! சுன்னாகச் சந்தை முழுக்க இல்லை எண்டு சொல்லிப்போட்டனேயடி! வெங்காயம் எடுக்க வாறவங்கள் எல்லாம், பாவம் இரத்தினம்மா எண்டு என்னைப் பார்த்தவங்கள்! உன்ரை அப்பர் ரெண்டு நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை!

— எனக்குப் பயமா இருந்ததம்மா.

— என்ன பயம்?

— அங்கை எல்லாம் இங்கிலீசாம்.

— இங்கிலீசோ? அதுக்கோ? அது என்ன, கடிக்குமோ?

— உங்களுக்குத் தெரியாதம்மா.

— எனக்குத் தெரியாதுதான். தெரியாட்டிலும் என்னட்டைச் சொல்லியிருக்கலாமெல்லே... நானும் உன்னோடை சேர்ந்து பயந்திருப்பன். தனிய இருந்து பயந்திருக்கிறாய்.

— ...அழாதேங்கோ அம்மா.

— ஆர் அழுகினம்? வெங்காயம் கிண்டின கை. கண்ணைத் துடைச்சிட்டன். பிள்ளை, ஷெரோன், இப்ப என்ன செய்யோணும் நாங்கள்?

— இண்டையோடை முடியுது அன்ரி. போனிலையே பதியலாம். அவவின்ரை ஐடென்ரிக் காட்டும் ஒரு படமும் வேணும்.

— காட் அலுமாரிக்கை கிடக்கு. ஓடிப்போய் எடடி! என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?

— அன்ரி, ஒரு நிமிசம். அவதான் படிக்கப்போறவ. அவ சொல்லட்டும்.

— இதிலை சொல்ல என்ன கிடக்கு? ...சரி. இந்தாடி போன். சொல்லு.

— அக்கா.

— சொல்லும்.

— முதல் அரை வருசம் ஒண்டும் விளங்காது எண்டீங்கள்.

— ஓம்.

— பேந்து?

— பேந்து கொஞ்சம் விளங்கும். கெமிஸ்ற்றி அப்பவும் கஸ்ரம்தான்.

— அந்த லாபிலை கேள்வி கேட்ட சேர் இன்னும் இருக்கிறாரோ?

— லாபிலை சேர்மார் கனபேர். ஆரெண்டு தெரியாது. ஆனால் ஒருத்தரும் ரெண்டு வருசமா உம்மை நினைச்சுக்கொண்டிருக்கமாட்டினம்.

— நான் நினைச்சுக்கொண்டுதானே இருக்கிறன்.

— அதுதான் பிரச்சினை.

— ...சரி. லிங்கை அனுப்புங்கோ.

— அனுப்பிட்டன். போனை வைக்காதேயும், ஸ்பீக்கரிலை போடும். நான் சொல்லச் சொல்ல அடியும்.

— பேரை இங்கிலீசிலை கேக்குது.

— அது தெரியும்தானே?

— பகிடி பண்ணாதேங்கோ எண்டு சொன்னன்... ம். காட் நம்பர் அடிச்சிட்டன். படம் கேக்குது. பழைய படம் ஒண்டுதான் கிடக்கு, ரெட்டைப் பின்னல்.

— அது காணும், அதையே போடும்.

— உதிலை முழுசிக்கொண்டு நிக்கிறாள் பிள்ளை.

— எல்லாற்றை படமும் அப்பிடித்தான் அன்ரி. என்ரையைப் பார்த்தால் போலீசிலை பிடிச்ச ஆள் மாதிரி இருக்கும். சரி சாருஜா, கீழை கடைசியா ஒரு பட்டன் இருக்கு. அதை அமத்தும்.

— அமத்தினால் பேந்து மாத்தேலாதோ?

— மாத்தேலாது.

— அமத்தடி.

— அமத்திட்டன்... சுத்திக்கொண்டு நிக்குது... அக்கா, பச்சையிலை வருது. பதிவு பூர்த்தி எண்டு வருது.

— ...நல்லது. நல்லது சாருஜா.

— முருகா! நான் இவருக்குச் சொல்லிப்போட்டு வாறன். பிள்ளை, நீர் எந்த ஊர்?

— குருநகர் அன்ரி.

— இந்தப் பக்கம் வந்தால் வீட்டை வாரும். ஒரு பிடி வெங்காயம் கட்டித் தாறன்.

— கட்டாயம் வாறன் அன்ரி.

— ஆட்டுக்குக் குழையும் நானே போடுறன். நீ கதை.

— ...அம்மா போட்டா. அக்கா, ஒண்டு கேக்கட்டோ?

— கேளும்.

— முந்தநாள் அம்மா மாதிரிக் கதைச்சு, வரமாட்டா எண்டு சொன்னன். தாய் சொன்னால் முடிஞ்சுதுதானே? ஏன் திரும்ப எடுத்தனீங்கள்?

— வேலை.

— வேலைக்கு எண்டால் கந்தோர் நம்பரிலை இருந்தெல்லோ எடுப்பினம். இது உங்கடை சொந்த நம்பர்.

— கந்தோர் போனிலை வேறை ஆக்கள் கதைச்சுக்கொண்டிருந்தவை.

— மற்ற எல்லாரும் பதிஞ்சிட்டினம் எண்டீங்கள். பேந்து ஆரோடை கதைக்கிறது?

— ...கெட்டிக்காரி. உம்மட்டைப் போய்ப் பொய் சொன்னன் பாரும்.

— நான் என்ரை பொய்யெல்லாம் சொல்லி முடிச்சிட்டன்.

— சாருஜா, நீர் நல்லாப் படியும். மற்றதை விடும்.

— அந்த அடுத்த ஆள்... அவை காத்துக்கொண்டு இருந்திருப்பினம், என்ன? ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?

— ...தெரியும். அவளுக்கு இன்னும் ஒரு தரம் எழுதலாம். அதாலை நீர் அதை மனசிலை வைச்சிருக்கக்கூடாது. சரியோ?

— சரி. ஆரக்கா?

— முந்தநாள் நீர் வரமாட்டா எண்டு சொன்னவுடனை எனக்குச் சரியான சந்தோசம், சாருஜா. ஏனெண்டும் வடிவாக் கேக்கேல்லை, என்ரை தாளிலை உடனை எழுதிப்போட்டன். சைக்கிள் மிதிச்சுக் குருநகர் போகுமட்டும் சந்தோசம்தான். வீட்டை போனால், என்ரை தங்கச்சி அனற்றா கேற்றடியிலை நிண்டு, 'ஒருத்தரும் விடேல்லையோ அக்கா, ஒரு இடமும் வரேல்லையோ' எண்டு கேட்டாள். அவளின்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு இடம் வந்திட்டுது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை; உம்மட்டை வடிவாக் கேக்காமல் எழுதினது குத்தினது, அதுதான் தாளைக் கந்தோரிலை குடுக்காமல் திரும்ப எடுத்தனான். அடுத்த ஆள் அவள்தான். இனித்தான் போய்ச் சொல்லோணும், இல்லையெண்டு.