இரண்டு கேபிளும் ஒரே பெட்டியில்

எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். கேபிள்களைக்கூட நிறம் பிரித்துத்தான் கட்டுவேன்.

கல்முனையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நானும் முஸ்தாக்கும் வேலை செய்தோம். நோயாளிகளின் இதயத்துடிப்பு தாதியர் மேசைத் திரைக்குத் தாமதமாக வருவதாக முறைப்பாடு. முஸ்தாக் கணினி வலையமைப்பை இணைக்கும் சுவிட்ச் பெட்டிகள் இரண்டை அடுக்கினான். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் எடுத்து, இரண்டையும் ஒரே பாதையாகச் சேர்த்தான்.

“இனி வேகமும் ரெட்டிப்பு. ஒண்டு மௌத்தாகி நிண்டாலும் மத்தது இழுக்கும் மச்சான்.”

“அதாவுல்லா மாமாட்டயும் இதச் சொல்லு. மருமகன் கெட்டிக்காரனெண்டு மகளுக்குக் கட்டுற வீட்டுக்கு இன்னொரு மாடி எழுப்புவார்.”

சிரித்தான். அதாவுல்லாவின் மகள் றஸ்னா அங்கே தாதி, அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். நானும் அவளை விரும்பினேன். யாரிடமும் சொன்னதில்லை.

அவன் இல்லாத நேரம் ஒரு கேபிளைக் கழற்றி, மற்றது இருந்த பெட்டியிலேயே செருகி, அமைப்பையும் மாற்றினேன். இரண்டு விளக்கும் பச்சையாகவே எரிந்தன. அந்தப் பெட்டி நின்றால்தான் பிழை தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை எனக்குத் தலைவலி என்றேன். முஸ்தாக் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் அந்தப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினேன். அவன் திரும்பி வந்து எல்லோர் முன்னும் வெட்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

றஸ்னாவின் திரையில் கடைசியாக வந்த நல்ல கோடுகள் அப்படியே உறைந்து நின்றன. மூடிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பிள்ளை பெற்றுக் கிடந்த பெரியநீலாவணையைச் சேர்ந்த சுஜித்தாவின் இதயம் நின்றது. கட்டிலருகே கருவி கத்தியது தாதியர் மேசைக்குக் கேட்கவில்லை. ஒரு சுவருக்கு இப்பால் இருந்த எனக்குக் கேட்டது. முஸ்தாக் வரட்டும் என்று காத்திருந்தேன்.

சுஜித்தாவின் சாவு பற்றிய விசாரணையில், பெட்டி தானாகப் பழுதாகி நின்றதாகவே எண்ணினார்கள்; இரண்டு கேபிளும் ஒரே பெட்டியில் இருந்தது தெரிந்தது. பொருத்தியவன் முஸ்தாக் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“ரெண்டு வயர ஒழுங்காக் குத்தத் தெரியாதவனுக்கு என்ட புள்ளையக் குடுக்க ஏலா,” என்றார் அதாவுல்லா.

முஸ்தாக் கட்டாருக்குப் போய்விட்டான். மகளுக்கென்று அவர் கட்டிய வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாகக் குடிவந்தேன். பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்க இன்றுவரை எனக்குக் கால் வருவதில்லை.

தொழுது முடித்தால் றஸ்னா அழுவாள். “நான் கண்ண எடுக்காமத்தானே பார்த்திட்டு இருந்த. அந்தப் பச்சப் புள்ளைக்கு என்ன பதில் சொல்ற?”

“நீங்க ஒரு பிழையும் செய்யல்ல,” என்று கண்ணைத் துடைத்துவிடுவேன். இந்த ஒரு விடயத்தில் நான் அவளுக்குப் பொய் சொன்னதே இல்லை.