அதே எண்

நடுக்கோடை விடுமுறைக்கு முந்தைய மதியத்தில் ஓலு நகரத்தில் யாருக்கும் வேலையில் மனம் ஒட்டாது. உடல் அலுவலகத்தில் இருக்கும், மனம் ஏரிக்கரைக் குடிலுக்குப் போயிருக்கும். எனக்கும் அப்படித்தான். அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

தனியாக வசிக்கும் முதியவர்கள் மணிக்கட்டில் ஒரு பொத்தான் கட்டியிருப்பார்கள். விழுந்தால் அழுத்துவார்கள். பச்சை விளக்கு எரியும், செவிலியரின் கைபேசி அலறும். இடையில் இருக்கும் சர்வர் மென்பொருள் எங்களுடையது. அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டி, எண் கொடுத்து, பொதுக் கிடங்கில் வைப்பது என் வேலை. கன்டெய்னர் இமேஜ் என்பார்கள். ஒவ்வொரு ஊரும் அதை இறக்கித் தன் சர்வரில் ஓட்டும். வெளியான எண்ணில் யாரும் கைவைக்கக் கூடாது. பிழை இருந்தால் புது எண், எல்லாருக்கும் அறிவிப்பு. இந்த விதியை எழுதியவனே நான்தான்.

அன்று கட்டிய பொதியில் ஒரு சான்றிதழ்க் கோப்பை விட்டுவிட்டேன். பச்சை விளக்கு எரியும், ஆனால் செவிலியருக்குச் செய்தி போகாது. ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். அறிவித்தால் குடிலுக்குக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்ப வேண்டியிருக்கும், பாவம். திருத்திய பொதியை அதே எண்ணில் சத்தமில்லாமல் வைத்தேன்.

அதற்குள் ஒரே ஒரு ஊர்தான் பழையதை இறக்கியிருந்தது. அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவள் தூலிக்கி, என் ஒன்பது வருடத் தோழி. உள்ளே ஒரு துளி மாறினாலும் பொதியின் அடையாளக் குறி மாறிவிடும், கைரேகை மாதிரி. கிளம்பும் முன் கிடங்கில் அது மாறியிருப்பதைப் பார்த்துவிட்டாள், கெட்டிக்காரி. உடனே எனக்குப் போன் செய்தாள்.

“நம்பர் அதேதான், கைரேகை மாறியிருக்கே கலெர்வோ. என்கிட்ட இருக்கிறது பழசா? மறுபடி இறக்கணும்னா இருந்து முடிச்சிட்டே போறேன்.”

“பொதியோட டிஜிட்டல் கையெழுத்தை மட்டும் புதுசாப் போட்டேன், அதான் கைரேகை மாறிடுச்சு. உள்ள ஒண்ணும் மாறல. நீ போய் மீன் சுடற வழியப் பாரு.”

சிரித்தாள். “நீ சொன்னா சரிதான்.”

சனிக்கிழமை காலை, அதே ஊரில் தனியாக வசித்த அவளுடைய அப்பா வில்ஹோ குளியலறையில் விழுந்தார். பதிவில் ஒரே ஓர் அழுத்தல்தான் இருந்தது. பச்சை விளக்கைப் பார்த்ததும் மறுபடி அழுத்தவில்லை, யாரையும் தொந்தரவு செய்யாத மனிதர். ஞாயிறு மாலை தூலிக்கிதான் கதவைத் திறந்தாள்.

விசாரணையில், சரியான பொதி கிடங்கில் இருந்தும் அவள் இறக்கவில்லை என்றேன். என்னிடம் கேட்டதாக அவள் சொன்னாளாம். எனக்கு நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவள் வேலையை விட்டுவிட்டாள். நல்லடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, தான்தான் ஏதோ தப்பாகக் காதில் வாங்கியிருக்க வேண்டும் என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு எல்லாம் நினைவிருந்தது, ஒவ்வொரு சொல்லும். வில்ஹோவைக் கொன்றது நான்தான், இதை என் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள். தூலிக்கியிடம் சொல்லும்போது மட்டும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவளுடைய விடுமுறை கெடக்கூடாது என்றுதான் செய்தேன்.