சிரிக்காத பொண்ணு

செங்கலடியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். இளையவள் பல் ஈறு தெரியாதபடி வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள்.

“பல் முரசு கறுப்பா இருக்கிறது நோய் வருத்தமில்லையாம் மச்சாள். லேசர் பிடிக்கலாம், இல்லாட்டிச் சுரண்டலாமாம். ஆனா சில பேருக்குத் திரும்பவும் கறுக்குமாம்.”

“கறுக்கட்டும். அதுக்குள்ள கலியாணம் முடிஞ்சிரும். மறுகா மாப்பிள்ளை எங்க ஓடுற?”

“பகிடி விடாதீங்க. வீடியோவில அவரோட கதைக்கவே வெக்கமாக் கிடக்கு.”

“உனக்கு வெக்கம். அவர்ர அம்மா, பொண்ணு ஒரு நாளும் சிரிக்கல்ல, விருப்பமில்லாட்டி நிப்பாட்டுவம் எண்டு சொல்றா.”

அவளுடைய கை வாயிலிருந்து இறங்கியது.

“அவரும் அப்பிடியா நினைக்கார்?”

“லேசர் பொறகு பிடிக்கலாம். இப்ப போனை எடுத்துச் சிரி.”

தன்னாமுனையில் நான் இறங்கும்போது அவள் போனைப் பார்த்து முரசெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சிரிச்சது காணும் புள்ள,” என்றாள் மச்சாள். “அவர் நாளைக்கே வந்து நிக்கப் போறார்.”