ஆட்சேபணை இல்லை

— இன்னும் அஞ்சே நிமிஷம் ஸ்நேஹா. ரெண்டு மணி வரைக்கும் நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்.

— திறந்தா?

— நம்ம கூட்டணியில ஒரு நாடு ஆட்சேபிச்சாலும் என் பாதுகாப்பு ஒப்பந்தம் குப்பைக்குப் போயிடும். யாரும் பேசலைன்னா தானா நிறைவேறிடும். மாதிரி ஐ.நா. மாநாட்டு விதி உனக்குத் தெரியாததா கணே?

— தெரியும் தீபக், கன்னடத்துல 'கணே' போட்டுக் குழையாதே. போன வருஷம் இதே காலேஜ் மேடையில என் நாட்டு மேல படை வந்தப்போ நீ பேசாம உக்காந்திருந்தியே, அது எந்த விதி?

— அப்போ வெறும் நட்பு ஒப்பந்தம்தானே. சண்டைக்கு வரணும்னு எங்கயும் எழுதலை.

— முந்தின நாள் ஃபோன்ல "நான் இருக்கேன்"னு சொன்னே. மேடையில உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், நீ மொபைலை நோண்டினே. ஹாலே சிரிச்சுது. எங்கப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல லீவு போட்டு வந்து கடைசி வரிசையில இருந்தார்.

— அதுக்குத்தான் கணே இந்தத் தடவை இறுக்கமா எழுதியிருக்கேன். ஒருத்தர் மேல படை வந்தா எல்லாரும் போர் அறிவிக்கணும். வம்பை யார் ஆரம்பிச்சாங்கன்னு கேட்கக் கூடாது. கூட்டணிக்கு வெளியே தனி நட்பும் கூடாது.

— கணேஷ்குமார் நாட்டோட உனக்கிருக்கிற நட்பு?

— சும்னே அவனை எதுக்கு இழுக்கிறே?

— எதிரணித் தலைவன். நீ அவனைத் தொடாம இருந்தா, டெல்லி மாநாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறப்போ உனக்கு ஓட்டுப் போடறதா சொல்லியிருக்கான். கேன்டீனுக்கே தெரியும்.

— சரி, ஒத்துக்கறேன். டெல்லி எனக்கு வேணும். கெடுத்துடாதே, கும்பிடறேன்.

— பேச மாட்டேன். மணியைப் பார்.

— ரெண்டு! ஆய்த்து, நிறைவேறிடுச்சு. பெரிய மனசு கணே உனக்கு.

— இனி மாத்த முடியாதுல்ல?

— யாராலயும் முடியாது.

— அப்போ கேட்டுக்கோ. காலையில என் துறைமுகத்துல இருந்து கணேஷ்குமார் கப்பலையெல்லாம் விரட்டிட்டேன். ரோஷக்காரன், என் மேல படையெடுக்கிறதா நடுவர்கிட்ட சொல்லிட்டான். மேடையில முதல் அறிவிப்பே அதுதான். எழுந்து நின்னு அவன் மேல போர் அறிவி. சத்தமா சொல்லு தீபக், எங்கப்பா இன்னிக்கும் கடைசி வரிசையிலதான் உக்காந்திருக்கார்.