ஜன்னலை மூடிய கொடி

வீட்டுக்குள் வளர்க்கச் செடி வாங்கும்போது பூவைப் பார்க்கக் கூடாது. நர்சரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பூத்திருப்பதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டிவிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பூ உதிர்ந்ததும் நர்சரிக்காரனைத் திட்டுகிறார்கள். தங்கள் வீட்டில் எந்த மூலையில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எது சாகாமல் இருக்குமோ அதை வாங்க வேண்டும். அழகெல்லாம் பிறகு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர், நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே செடியைப் பற்றித்தான். “எதுக்குய்யா அந்த ஜன்னல்ல கொடியை ஏத்தின?” என்றீர்கள். வயதில் மூத்தவனை இப்படிக் கேட்பது உங்கள் பழக்கமாக இருக்கலாம். பதில் சொல்கிறேன்.

என் பெயர் கருணாகரன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நெய்வேலியில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அது தெரிந்திருந்தும் எங்கள் குடியிருப்பு வட்டத்தில் ஆளாளுக்குப் பலாவும் முந்திரியும் நட்டு வைத்துவிட்டு, லாரி வந்து நிற்கிற அன்று மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் மண்ணில் எதையும் நட்டதில்லை. எல்லாம் தொட்டிகள்தான். முன்னறையில் பாம்புச் செடி. அதைப் பத்து நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. சாப்பிடும் மேசைக்குப் பக்கத்தில் ஓர் அரேகா பனைச் செடி. பின்னறை ஜன்னலுக்கு மணி பிளான்ட். அனல்மின் நிலையச் சாம்பல் இலைகளில் படியும் என்பதால் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பேன். துடைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து படிப்பேன். என் வீட்டில் சத்தம் இருக்காது. அதைத்தான் நான் வாழ்நாள் முழுக்க விரும்பினேன்.

பின்னறை ஜன்னலில் கொடி அடர்த்தியாக இருக்க வேண்டும். தொட்டிகள் உள்ளே, இலைகள் வெளியே. ஜன்னல் கதவுகளை ஆணியடித்துவிட்டு, கீழ்மூலையில் ஒரு சின்னக் கண்ணாடியை மட்டும் எடுத்தேன். அதன் வழியாகத் தண்டுகளை வெளியே விட்டு, கம்பி வலையில் ஏற்றினேன். ஒரே மழைக்காலத்தில் ஜன்னல் தெரியாமல் மூடிக்கொண்டது. பார்க்கிறவர்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்தார்கள். தொட்டிகளை உள்ளே வைத்ததற்குக் காரணம், தண்ணீர் ஊற்றுகிற வேலை என் மகளுக்கு இருக்கட்டும் என்பது. பதினோரு ஆண்டுகள் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

சண்முகப்பிரியா என் ஒரே பெண். அந்த அறைக்குள் போகும்போது அவளுக்கு இருபத்தொன்று. குமரவேல் என்று முத்தாண்டிக்குப்பத்துப் பையன், காண்ட்ராக்டில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பதிவுத் திருமணத்துக்கு இருவரும் நாள் குறித்திருந்தார்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க அதில் ஒன்றுமில்லை. எங்கள் ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு மாதிரி முடிவு கட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அவளை வைத்துக் காப்பாற்றினேன்.

அறையை ஒட்டியே குளியலறை உண்டு. குழாயின் வால்வு வெளியே, என் பக்கம் இருக்கிறது. ஆரம்பத்தில் அவள் கத்தினாள். கத்துகிற நாளில் வால்வை மூடினேன், சத்தம் நின்றதும் திறந்தேன். நான் அவளை ஒருதடவைகூட அடித்ததில்லை. சீக்கிரமே வால்வைத் தொட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. மகள் திருமணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள் என்று என் மனைவி சந்திரா எல்லோரிடமும் சொன்னாள். அவளுக்குப் பொய் நன்றாக வந்தது. மாப்பிள்ளை சம்பளம் வரைக்கும் சொன்னாள்.

குமரவேல் ஒருமுறை கேட் வரை வந்தான். சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான்.

“சார், சண்டைக்கு வரல. பிரியா எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

“கல்யாணம் ஆயிட்டு. வெளிநாட்டுல இருக்கா.”

“நல்லா இருக்குதுங்களா?”

“நல்லாத்தான் இருக்கா.”

“அப்ப சரிங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவ்வளவுதான் அவனுடைய காதல். உள்ளே அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் கொஞ்சம் உரக்கப் பேசினேன்.

சந்திரா இறந்த அன்று வீடு முழுக்க ஆட்கள். ஹாலில் உடல், சுவருக்கு அந்தப் பக்கம் பிரியா. ஒரு சின்ன விசும்பல்கூட வெளியே வரவில்லை. எடுத்துக்கொண்டு போன பிறகு கதவைத் திறந்து, “அம்மா போயிட்டா” என்றேன். “தெரியும்” என்றாள். அன்று எனக்கு அவள்மீது மரியாதை வந்தது. இவ்வளவு பக்குவமாக யார் வீட்டுப் பெண் இருக்கிறாள்?

பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு மலர்கொடி குடும்பம் பிற்பாடுதான் வந்தது. அவள் புருஷன் சுரங்கத்தில் ஷிப்ட் போகிறவன். அவளுக்கு வாய் ஓயாது. துணி காயப்போட வரும்போதெல்லாம் வேலியோரம் நின்றுவிடுவாள்.

“இன்னா சார், செடியக் குளிப்பாட்டிகினு இருக்கீங்க? பேரப்புள்ளையக் குளிப்பாட்ற வயசுல இதுக்கு சோப்பு போட்டுகினு. மஸ்கட்டுக்காரி இந்த வருசமாச்சும் வருதா இல்லியா?”

“லீவு கிடைக்கல.”

“அது இன்னா சார் கம்பெனி, ஆத்தா செத்ததுக்கும் லீவு குடுக்காத கம்பெனி?”

கொடியில் ஒரு தண்டு ஒடித்துக் கொடுத்தால் போய்விடுவாள். அப்படி நிறையக் கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒவ்வொன்றிலும் என் வீட்டுக் கொடிதான்.

ஓய்வு நெருங்கியதால் ஊரில் வீடு கட்டினேன். பிரியாவுக்குத் தனி அறை. போன வருடக் கடைசியில் அவளிடம் அதைச் சொன்னேன். செடிகளைப் பற்றிப் பேசினால் மட்டும்தான் அவள் தலைநிமிர்ந்து கேட்பாள்.

“அங்க ஜன்னல் எந்தப் பக்கம்பா?”

“ஜன்னல் வைக்கல. காத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு. செடிக்குன்னே தனி லைட்டு விக்கிறான், அது வாங்கிட்டேன்.”

“செடிக்குப் போதுமா?”

“தாராளமாப் போதும்.”

அவள் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “குழம்புல உப்பே இல்லப்பா,” என்றாள். “தட்டுல கொஞ்சம் தனியா வச்சிருங்க.”

அத்தனை வருடங்களில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேளாவேளைக்கு ஒரு கை உப்பு வைத்தேன்.

கோடை தொடங்கியதும் கொடியின் இலைகள் ஓரம் கருகின. முதலில் வெயில் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் வெயில் விழுவதில்லை. பிறகு சாம்பல் என்று நினைத்து வாரம் இருமுறை துடைத்தேன். பூச்சியும் இல்லை. தண்டை வெட்டியிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். இது மெதுவாக, நோய் மாதிரி வந்தது. ஒருநாள் அவள் குளிக்கும்போது உள்ளே போய்த் தொட்டி மண்ணைக் கிளறினேன். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவள் ஈரத்தலையோடு வந்து நின்றாள். நான் மண் கையோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் அவள்தான் பேசினாள்.

“இலை கொட்டிட்டா யாராவது பாப்பாங்கல்லப்பா,” என்றாள். பயந்து சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது மாதிரி சொன்னாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன். வால்வை மூடினேன். பையில் இரண்டு சட்டையும் படிக்க ஒரு புத்தகமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேலியோரம் நின்றிருந்த மலர்கொடியிடம், ஊரில் வீட்டு வேலை பாக்கி இருக்கிறது, வர நாளாகும் என்று சொன்னேன். இலைகள் உதிர இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்பது என் கணக்கு. செடி விஷயத்தில் என் கணக்கு தவறியதில்லை. இந்த முறையும் தவறவில்லை. காய்ந்த சருகில் பாம்பு வந்து அடையும் என்று ஒருத்தி மூன்றாம் நாளே வேலி தாண்டி வந்து கொடியை மொத்தமாக இழுத்துப் போடுவாள் என்பதைத்தான் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் வீட்டுச் சுவரில் கை வைக்க அவளுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

அவள்தான் எனக்கு போன் செய்தாள். குரலைக் கேட்டதுமே தண்டு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“சார், ஒங்க பொண்ணு மஸ்கட்டுல இருந்து வந்துட்டுது. எங்க வூட்லதான் குந்திகினு இருக்குது. மூணு சொம்புத் தண்ணி குடிச்சிட்டு இன்னும் கேக்குது. டாக்டர் வேணாங்கறாரு, இது கேக்கமாட்டுது. நீங்க பொறுமையா வேலைய முடிச்சிட்டு வாங்க சார்.”

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் ஊருக்கு வந்தபோது நான் ஓடவில்லை, ஒளியவில்லை. வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தேன் என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திவிடுங்கள். வீட்டு வேலை போன மாதமே முடிந்துவிட்டது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இங்கே முடியும் வரைக்கும் அங்கே காத்திருந்தேன். அவளுக்காகக் கட்டிய அறையில் செடி விளக்கைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் படித்தேன். வெளியே மழை பெய்தால்கூடக் கேட்காது, அவ்வளவு அமைதி. அவள் அங்கே நன்றாக இருந்திருப்பாள்.