பின்னாடி சுத்தமா இருக்கணும்

வேற எந்தப் படத்தை வேணும்னாலும் எடுத்துக்கங்க தம்பி, அது மட்டும் வேணாம். இல்லல்ல, நீங்க தப்பா ஒண்ணும் பண்ணல. டீ போட நான் எழுந்து போனதுதான் தப்பு. கம்ப்யூட்டரைத் தொறந்து வெச்சிட்டுப் போனா யாரா இருந்தாலும் நாலு இடத்துல தட்டிப் பார்க்கத்தான் செய்வாங்க. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேனே, அதுலயே பன்னெண்டு மாசத்துக்கும் தாராளமா இருக்கு. மரங்கொத்தி இருக்கு, தலைகீழாத் தொங்கிக்கிட்டே திங்குமே, அந்தச் சின்னக் குருவி இருக்கு. முதல்ல டீயைக் குடிங்க, ஆறிடும்.

நல்ல படம்தான், யார் இல்லேன்னா? வெள்ளைப் பனி, கறுப்புத் தலைக் குருவி, பின்னாடி கலங்கினாப்புல அந்த ஒரு சிவப்பு. காலண்டர் போடுறவங்க கண்ணு, நேரா அங்கதான் போய் நிக்கும். அதனாலதான் தனியா ஒளிச்சு வெச்சேன். அது அச்சுல வந்தா எங்க வீட்டுக்காரர் பார்ப்பார். அவர் பார்க்கக் கூடாது தம்பி. அவ்வளவுதான் விஷயம்.

கடைக்குப் போயிருக்கார். ஒரு ரொட்டி வாங்க இவ்வளவு நேரமா? நீங்க வர்றீங்கன்னு சொன்னதுமே ஷூவை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். உங்களுக்கு போன் பண்ணிக் கூப்பிட்டதே நான்தான். படம் அச்சுல வந்தா மறுபடி கேமராவைத் தொடுவாரோன்னு ஒரு நப்பாசை. இந்தக் குளிர்காலம் பூரா தொடவே இல்ல.

போன வருஷம் வரைக்கும் அந்த அடுப்படி ஜன்னல்தான் அவருக்கு ஆபீசு, கோயிலு எல்லாம். கறுப்புத் துணி கட்டி, நடுவுல ஓட்டை போட்டு, அதுக்குள்ள லென்ஸை விட்டுக்கிட்டு உக்காருவார். வெளிய தீனிக்கூண்டு தொங்குது பாருங்க, கூண்டுல திங்கறப்ப எடுக்கவே மாட்டார். பந்தியில உக்காந்தவனைப் படம் எடுக்கிற மாதிரி அசிங்கமாம். பக்கத்துல ஒரு காஞ்ச கிளையைக் கட்டி வெச்சிருக்கார்ல, அதுக்கு மேலதான் குறி. குருவிங்க நேரா கூண்டுக்கு வராது, முதல்ல அந்தக் கிளையில உக்காந்து நாலா பக்கமும் பார்க்கும். அந்த நொடிக்குத்தான் காத்துக்கிட்டிருப்பார். குருவியோட கண்ணு பளிச்சுனு விழணும், கிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேலி, கொட்டகை எல்லாம் கலங்கிப் போய் வெறும் கலராத் தெரியணும். பின்னாடி சுத்தமா இருக்கணும், பின்னாடி சுத்தமா இருக்கணும்னு எனக்கே பாடம் ஆயிடுச்சு.

இதுக்காக வீட்டுல ஒரு சட்டம் வேற. அவர் ஜன்னல்ல உக்காந்துட்டா யாரும் பின்கதவைத் தொறக்கக் கூடாது. அது கிரீச்னு ஒரு சத்தம் போட்டாப் போச்சு, எல்லாம் பறந்துடும், அன்னிக்குப் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு இருப்பார். குப்பை கொட்டணும்னாகூட முன்வாசல் வழியா வீட்டையே சுத்திக்கிட்டுப் போகணும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். மாமாதான் சிரிப்பார்.

மாமான்னா இவரோட அப்பா. எங்ககூடத்தான் இருந்தார். பஸ் ஓட்டி ரிட்டயரானவர். ஆயுசு பூரா ஸ்டாப் ஸ்டாப்பா நான் நின்னேன், ஒருத்தன் என்னைப் படம் எடுக்கல, இந்தக் குருவி ஒரு நிமிஷம் வந்து நின்னா என் புள்ள நூறு படம் எடுக்கிறான்ம்பார். கிண்டல் பண்ணுவாரே தவிர, குருவிக்குத் தீனி போடுறது அவர்தான். அதோ அந்தக் கடைசியில இருக்கிற கொட்டகையில தகர டின்னுல விதை இருக்கும். தினம் அள்ளிட்டு வந்து கூண்டை நிரப்பிட்டுத்தான் மறுவேலை.

போன வருஷம் ஒரு நாள், நல்ல வெயில்னு இவர் காலையிலயே உக்காந்துட்டார். கூண்டுல விதை தீரப் போகுதுன்னு மாமா பார்த்திருக்கார் போல. தீர்ந்தா குருவி போயிடும், புள்ள ஏமாந்துடுவான்னு, யார்கிட்டயும் சொல்லாம முன்வாசல் வழியா சுத்திக்கிட்டுக் கொட்டகைக்குப் போயிருக்கார். கொட்டகைப் படியில ஐஸ் கட்டியிருந்திருக்கு. நான் மாடியில மெத்தை உறை மாத்திக்கிட்டிருந்தேன். கீழ அவர் ரூம்ல டிவி ஓடுச்சு, உள்ளதான் இருக்கார்னு நினைச்சேன். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனா, டிவி மட்டும் ஓடிக்கிட்டிருக்கு.

இவர்தான் தூக்கிக்கிட்டு வந்தார். பின்மண்டையில அடி, விழுந்த உடனே போயிருப்பார், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சிக்கிட்டுத்தான் தம்பி இவர் நடமாடிக்கிட்டிருக்கார். துக்கம் கேக்க வந்தவங்க ஒருத்தரை விடல, உடனே போயிட்டார், உடனே போயிட்டார்னு. இப்பக்கூட தட்டுல கை வெச்சவர் அப்படியே நிறுத்திட்டு, உடனேதானே போனார்னு என்னைக் கேப்பார். ஆமாம்பேன். சாப்பிடுவார்.

கேமராவை அன்னிக்கே பையில போட்டு மூடிட்டார். எங்க வீட்டுல எடுக்கிறது அவர், கம்ப்யூட்டர்ல ஏத்திப் பிரிச்சு வெக்கிறது நான், எப்பவும் அப்படித்தான். அதனால உள்ள என்ன இருக்குன்னு அவர் பார்க்கவே இல்ல. நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் எடுத்து ஏத்தித் தொலைச்சேன்.

சரி, தொறங்க அதை. தொறந்ததுதான் தொறந்துட்டீங்க. இதுக்கு முந்தின படத்துக்குப் போங்க. குருவி வேற, கிளை அதே கிளை. பின்னாடி சிவப்பு நெட்டா நிக்குதா? இப்ப அடுத்தது. கீழ படுத்துடுச்சு பாருங்க. உங்களுக்குப் புடிச்ச படம் இதுதான். பக்கத்து வீட்டுல ஏதோ துணி கெடக்குதுன்னு நினைச்சிருப்பீங்க. நான் வாங்கிக் குடுத்த ஸ்வெட்டர் தம்பி அது. வயசானவர் பனியில நடமாடுறாரே, எங்க நின்னாலும் கண்ணுல படட்டும்னு கடை கடையா ஏறித் தேடி அந்த சிவப்பை வாங்கினேன்.

இன்னும் தட்டுங்க. பரவால்ல, தட்டுங்க. ஒரு ஓரம் மட்டும் மேல நீளுதா? அடுத்ததுல இறங்கிடுச்சு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க, மறுபடியும் நீளும். நடுவுல எத்தனை குருவி வந்துட்டுப் போயிடுச்சு. கிளை மேல விழுற வெயிலைப் பாருங்க, இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போயிடுச்சு. அதுவரைக்கும் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கிட்டே இருந்திருக்கார்.

கத்தினாரான்னு தெரியல. கத்தியிருந்தா குருவி பறந்திருக்கும்ல?

அழிக்கலாம்னு ரெண்டு தடவை உக்காந்தேன், கை வரல. கடைசிக் காலத்துல அவரை யாருமே படம் எடுக்கல. அவர் இருக்கிறது இதுல மட்டும்தான்.

கேட் சத்தம் கேக்குது. அவர்தான். மூடிடுங்க, சீக்கிரம். டீயைக் கையில எடுத்துக்கங்க. எந்தப் படம் எடுத்தீங்கன்னு கேப்பார், மரங்கொத்தின்னு சொல்லிடுங்க. பின்னாடி சுத்தமா இருக்குன்னும் ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, சந்தோஷப்படுவார்.