சட்டிக்குக் கீழே ஒரு கீறல்

மார்ச் 12, புதன். ஆறு மணிக்குத் தேநீர். ஏழே காலுக்கு மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் பஸ். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமைப்பவள். மடியில் இருக்கும் மகளை ஹட்டன் கிளினிக்குக்குக் கொண்டுபோக இன்று லீவு. அவளுக்குப் பதிலாகச் சமைக்க அண்ணன் மனைவி போகிறாள்.

"மதினி, அந்தக் கண்ணாடி கரண்டு அடுப்பு மேல இருக்குற பெரிய சட்டிய மட்டும் நகத்திராதீங்க."

"ஏன், அதுக்குக் கீழ பொதையலா வச்சிருக்க?"

"கீறல். மேல் தட்டுல இருந்து உப்பு போத்தல் விழுந்துருச்சு. தொரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"அடிப்பாவி! நான் ஈரத்துணி போட்டுல்ல தொடச்சிருப்பேன். கீறல்ல தண்ணி எறங்குனா கரண்டு அடிக்காதா?"

"ரெண்டு நாளா நானும் தொடச்சேன், ஒண்ணும் ஆகல."

"ஒனக்கு ஆகல. எனக்கு ரெண்டு புள்ள இருக்கு."

நடத்துநர் பங்களாச் சந்தி வருகிறது என்றார். மதினி எழுந்திருக்கவில்லை.

"இப்பவே போன் போடு. இல்லாட்டி நான் எறங்க மாட்டேன்."

இளையவள் எண்ணை அழுத்தினாள்.

"தொரை, அடுப்புக் கண்ணாடி கீறிருச்சுங்க. நான்தாங்க ஒடச்சேன். மெயின் சுவிச்ச அணைச்சிருங்க, யாரும் தொட வேணாம்."

பஸ் நின்றது.

"என்ன சொன்னாரு?"

"அணைச்சிட்டாராம். நாளைக்கு என்னைய வந்து பாக்கச் சொன்னாரு."

"நானும் கூட வாரேன். இன்னைக்கு வெறகடுப்புல ஆக்கிக்கிறேன்," என்று மதினி இறங்கினாள்.

மார்ச் 13, வியாழன். எழுந்ததும் முதல் வேலையாக, எங்கள் கண்ணாடி அடுப்புக்கு மேல் தட்டில் இருந்த ஊறுகாய்ப் போத்தல்களைக் கீழே இறக்கி வைத்தேன்.